புவிக்கம்பி இடிமின்னல் காப்பு (சேர்வராயன் மலை)

புவிக்கம்பி என்பது உயரழுத்த மின்பாதைக் கோபுரங்களின் உச்சியில், மின்கடத்திகளுக்கு மேலே இழுக்கப்படும் எஃகுக் கம்பி. மின்வாரியப் பணியாளர்கள் இதை எர்த் வயர் என்பர். கடத்திகள் மீது விழவேண்டிய மின்னலைத் தான் வாங்கி, கோபுரத்தின் வழியே மண்ணில் இறக்குவது இதன் வேலை. இந்தியாவில் 220 கிலோவோல்ட் வரையிலான பாதைகளில் கம்பியின் காப்புக்கோணம் (கம்பியையும் கடத்தியையும் சேர்க்கும் கோடு செங்குத்தோடு செய்யும் கோணம்) பொதுவாக 30 பாகைக்குள் அமைக்கப்படுகிறது.

கம்பி சரியாக இருந்தால் போதும் என்ற எண்ணம் சேர்வராயன் மலை போன்ற இடங்களில் செல்லாது. ஏற்காடு ஒண்டிக்கடைச் சந்திப்பைத் தாண்டி மேலேறினால் சேர்வராயன் கோயில் உச்சி 1,623 மீட்டர். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். அடியில் இருப்பதோ சார்னோகைட் பாறை. அதன் மேல் மண் பல இடங்களில் மெல்லிய போர்வைதான். பாறை மின்சாரத்தை எளிதில் ஏற்காது.

கணக்கைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 30,000 ஆம்பியர் மின்னல் முழுதும் ஒரே கோபுரத்தில் இறங்குவதாகக் கொள்வோம். கோபுர அடிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை, அதாவது அடித்தடை, 10 ஓம் என்றால் கோபுரத்தில் 3 லட்சம் வோல்ட் எழும். 50 ஓம் என்றால் 15 லட்சம். 110 கிலோவோல்ட் பாதையின் மின்காப்பு தாங்குவது சுமார் ஐந்தரை லட்சம். மிஞ்சினால் மின்னல் கோபுரத்திலிருந்து கடத்திக்கே திரும்பிப் பாய்ந்து, பாதையில் மின்சாரம் நின்றுவிடும்.

ஆகவே காப்பின் பெரும்பங்கு மண்ணுக்கடியில்தான். எர்த் பைப் எனும் புவியிணைப்புக் குழாய் இறக்க இடமில்லாத பாறையில், கோபுரக் கால்களிலிருந்து துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளை அரை மீட்டர் ஆழத்தில் கிடையாகப் புதைப்பர். நீளமான ஒன்றைவிட வெவ்வேறு திசைகளில் ஓடும் குட்டையான பல கம்பிகளே மேல். நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குக்குள் எழும் மின்னோட்டத்துக்கு நீளக் கம்பியின் தூண்டம் தடையாகிவிடும். பள்ளத்தில் பெண்டோனைட் களிமண் நிரப்பினால் ஈரம் தங்கும். அப்படியும் தடை இறங்காத கோபுரங்களில் கடத்திகளுக்கு இடிதடுப்பான் பொருத்துவதே வழி.

கம்பியின் சேதத்துக்கு வேறு காரணம் உண்டு. இழைகளை உருக்குவது மின்னலின் உச்ச மின்னோட்டம் அன்று; அதைத் தொடர்ந்து சில நூறு ஆம்பியர் அளவில், அரை நொடி வரைகூட நீடிக்கும் பின்னோட்டம். மெல்லிய இழைகள் முதலில் அறும். அறாத இழையிலும் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தின் ஈரம் அங்கே துருவைத் தொடங்கிவைக்கும். ஒளியிழை பொதிந்த புவிக்கம்பிகளில் இது இன்னும் கவலைக்குரியது, தகவல் தொடர்பும் சேர்ந்து போகும். அவற்றுக்கு வெளியடுக்கில் பருத்த, அலுமினியம் போர்த்திய எஃகு இழைகளைத் தேர்வது நல்லது.

கம்பியைப் பிடித்திருக்கும் கவ்விக்கும் கோபுரத்துக்கும் இடையிலான செம்பு இணைப்பு தளர்ந்தால் அங்கே தீப்பொறி பறந்து கம்பியைக் குழியாக்கும். அடித்தடையை மழைக்காலத்தில் அளந்தால் குறைத்துக் காட்டும். கோடை மழைக்கு முன், பாறை உலர்ந்திருக்கும் மாசியிலோ பங்குனியிலோ அளக்கவேண்டும்.