வசீகரத் தலைமையும் வருவாய்ப் பெருக்கமும்: மாமல்லபுரக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் கேள்வி

பேச்சும் துணிவும் ஆளை இழுக்கும் திறனும் உள்ளவர் அதிகம் சம்பாதிப்பார் என்று மேலாண்மை நூல்கள் சொல்கின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஆன்டனாகிசும் அவருடைய குழுவினரும் தற்காலிகப் பணியாளர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வசீகரமான உரையைக் கேட்டு வேலையில் இறங்கியவர்கள், சாதாரண உரை கேட்டவர்களைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுதலாக வேலை செய்தார்கள். கூலி மட்டும் இரு சாராருக்கும் ஒன்றுதான். உழைப்பு கூடியது, அதன் பலன் உழைத்தவர் மடியில் விழவில்லை.

ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது: ஒருவருடைய வசீகரம் அவரைச் சுற்றியுள்ள எளியவர்களின் வருமானத்தை உயர்த்துமா? உயர்த்தினால் எந்த வழியாக, எவ்வளவு காலத்துக்கு? இதற்கு விடை தேட, கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான செங்கல்பட்டுக் கடற்கரையைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை.

வசீகரத் தலைமை என்ற கருத்தைச் சமூகவியலில் நிலைநாட்டியவர் மாக்ஸ் வேபர். அவர் மறைந்த பின் 1922இல் வெளிவந்த 'பொருளாதாரமும் சமூகமும்' நூலில், தூய வசீகரம் அன்றாட வரவுசெலவுக்கு அந்நியமானது என்கிறார். நிலைக்க வேண்டுமானால் அது வழக்கமாகவும் விதியாகவும் அமைப்பாகவும் மாறியாக வேண்டும். இக்கட்டுரை அந்தக் கருத்தை உரைகல்லாகக் கொள்கிறது.

2. வடநெம்மேலி: இருளர் சங்கம்

இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிக்கும் அறிவு வெகு காலம் தோல் வியாபாரிக்கே பயன்பட்டது. பிடித்த பாம்பைக் கொன்று தோலை விற்பார்கள். தோல் ஏற்றுமதியில் பெருங்காசு பார்த்தவர்கள் வேறு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. காட்டைக் காக்க அது சரியான முடிவுதான். ஆனால் எலி வளையையும் புற்றையும் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் ஒரே வீச்சில் பிழைப்பிழந்து நின்றன.

அங்கே வருகிறார் ரோமுலஸ் விட்டேக்கர். நியூயார்க்கில் பிறந்தவர், சென்னைப் பாம்புப் பண்ணையையும் 1976இல் இதே கடற்கரையில் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கியவர். அவருடைய வசீகரம் மேடையில் பிறந்ததன்று. இருளர்களோடு காட்டில் அலைந்து, அவர்களிடமே பாம்பு பிடிக்கக் கற்றவர் அவர். தன் தொழிலைத் தன்னிடமிருந்தே கற்றுக்கொண்ட ஒருவர் சொல்லும் யோசனையைத் தொழிலாளி வேறு காதால் கேட்கிறான். அதே மனிதரால் அரசு அலுவலகத்திலும் மருந்து நிறுவனத்திலும் பேச முடிந்தது. தோலை விற்காமல் நஞ்சை விற்கலாம், பாம்பும் பிழைக்கும், நாமும் பிழைக்கலாம் என்ற யோசனை 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது.

வேலை நடக்கும் விதத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கின்றன. உறுப்பினர் ஒரு பானையை அவிழ்த்து, பாம்பைக் கொக்கியால் எடுத்துத் தலையைப் பிடித்து, மேலே சவ்வு இறுக்கிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கடிக்க வைக்கிறார். உள்ளே இறங்குவது சில துளிகள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிடமிருந்து வாரம் ஒருமுறை என நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுகிறார்கள். நஞ்சு உறைந்துலர்ந்த தூளாக மாற்றப்பட்டு முறிமருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கும் நாட்டில், முறிமருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு இந்தப் பானைகளிலிருந்து வந்திருக்கிறது.

தோல் காலத்தில் ஒரு பாம்பு ஒருமுறைதான் காசு தந்தது, அதன் விலையையும் வியாபாரியே வைத்தான். இப்போது உயிருள்ள பாம்பு பலமுறை தருகிறது, விற்பது சங்கம். வருவாயை உயர்த்தியது விட்டேக்கரின் ஈர்ப்பு என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் கிடைக்கும். இருளரின் கைத்திறனுக்கும் சட்டபூர்வமான சந்தைக்கும் நடுவே இருந்த தூரத்தை அந்த ஈர்ப்பு குறைத்தது. கூட்டுறவுப் பதிவேடு அதை நிலைநிறுத்தியது.

குறையும் இருக்கிறது, அதை மறைத்து எழுதுவது இருளருக்குச் செய்யும் துரோகம். ஆண்டுக்கு எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதி முடிவு செய்கிறது. அனுமதி தாமதமானால் பானை காலி, வீட்டில் அடுப்பும் தணிகிறது. சங்கம் தொழில் வணிகத் துறையின் கண்காணிப்பில் நடக்கிறது. பிடிப்பதில் இணையற்ற இருளர்கள், நிர்வாகத்தில் இன்னும் முழுத் தலைமை ஏற்கவில்லை.

3. கல்லும் வண்ணமும்

மாமல்லபுரத்தில் 1957இல் அரசு சிற்பக் கல்வி நிலையம் தொடங்கியது. அதை நெடுங்காலம் வழிநடத்திய வை. கணபதி ஸ்தபதி, குடும்பங்களுக்குள் மட்டும் கைமாறிய கலையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பரம்பரையில் பிறக்காத பையனும் பட்டத்தோடு வெளியேறி ஸ்தபதியாகலாம் என்றானது. 2000 சனவரி 1இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலை அவர் புகழின் உச்சி. ஆனால் அந்தப் பெயரை நம்பி வரும் வேலையின் லாபம் பட்டறையில் உளி பிடிப்பவர் வரை முழுசாக இறங்குவதில்லை. ஐந்து ரதச் சாலைப் பக்கம் அரவை இயந்திரத்தின் கல்தூசியில் நாள் முழுக்க நிற்பவருக்குக் கிடைப்பது நாள்கூலி. 2017இல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. பெருமைதான். அதன் பயன் கூலிச் சீட்டில் தெரிய வேண்டும்.

இதற்கு எதிர்நிலையில் வைக்கத் தக்கது, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்று சென்னை எல்லைக்குள் இருந்தாலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மண் அது. ஓவியம் விற்காத காலத்தில் பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் ஓவியர்கள் நிலம் வாங்கினார்கள். பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் கலையவில்லை, ஏனெனில் நிலம் ஓவியர்களுடையது.

4. கோவளம்

மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் தானே அலைச்சறுக்கு கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். தொழிலதிபர் ஒருவரின் ஆதரவோடு அது பள்ளியானது. பிள்ளைகள் சிலர் பயிற்றுநர்களாக ஊதியம் பெறுகிறார்கள். 2023இல் மாமல்லபுரத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. இங்கும் தலைவர் முதலில் அலையில் நின்று காட்டியவர்.

5. தீர்வும் பரிந்துரையும்

நான்கு இடங்களிலும் தலைவருக்கு மதிப்பைத் தந்தது தொழில் தெரிந்த கை. வருமானத்தைக் கூட்டியது, வாங்குபவரிடமும் அரசிடமும் பேசத் தெரிந்த வாய். தலைவருக்குப் பிறகும் அந்த வருமானம் நின்றதா என்பதை நிர்ணயித்தது உரிமை யார் பெயரில் இருந்தது என்பதே. இந்த மூன்றாவதில்தான் வடநெம்மேலியும் மாமல்லபுரமும் சோழமண்டலத்துக்குப் பின்னால் நிற்கின்றன.

2018இல் விட்டேக்கர் பத்மஸ்ரீ பெற்றார். 2023இல் அதே விருது செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் கிடைத்தது. ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்ட 2017இல் அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். இனி வெளியிலிருந்து ஒரு வசீகரத் தலைவர் வரத் தேவையில்லை. வசீகரத்தைக் கற்பிக்க முயலும் ஆளுமை வளர்ச்சி வகுப்புக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, இருளர் இளைஞர்களுக்கும் சிற்பத் தொழிலாளருக்கும் கணக்கேடு எழுதவும், அனுமதி கோரி வாதாடவும், விலை பேசவும் கற்றுக்கொடுப்பதற்கு அரசு ஒதுக்க வேண்டும். நஞ்சின் விலையை முடிவு செய்யும் மேசையில் பாம்பு பிடிப்பவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.