குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள்?

கிள்ளான் பக்கத்து இரவுச் சந்தையில் மருந்து விற்பவர், “குடித்தவர்களெல்லாம் குணமடைந்தார்கள்” என்கிறார். குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்டதுண்டா? அந்தக் கேள்வியைக் கோலாலம்பூர் நூறாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது.

அந்நாளில் பெரிபெரி நோய் ஈயச் சுரங்கங்களின் சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் ஓயும். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது அவ்வளவாக அணுகவில்லை. காரணம் சோறா, தொற்றா?

1905 டிசம்பரில் டாக்டர் வில்லியம் பிளெச்சர், கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் இருந்தவர்களை இரு பிரிவாக்கினார். 120 பேருக்குத் தீட்டிய பச்சரிசி. 123 பேருக்குப் புழுங்கல் அரிசி. இடத்தின் குற்றமோ என்று இடையில் விடுதிகளையும் மாற்றிப் பார்த்தார். ஓராண்டில் முதற்பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர், மற்றதில் ஒருவருமில்லை. புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. ஒப்பிட்டுப் பாராத சாட்சி சான்றாகாது என்னும் இப்பாடத்துக்கு, அந்த எளியவர்கள் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள்.

இன்று சட்டமும் நமக்குத் துணை. இனிப்பு நீர், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1985 முதல் மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. ஆகவே, புட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். மெய்தானா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். விற்பவர் உறவினரேயானாலும், மருத்துவர் தந்த மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.