பறவையும் டிரைபாடும்: ஒரு சின்ன வரலாறு

சங்க மலருக்கு "ஏதாவது எழுதுப்பா" என்று சீனியர்கள் கேட்டதும், கம்பெனிக் கதையை எழுதி உங்களைத் தூங்க வைக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தோளில் சுமந்து திரியும் ஒரு சாமானின் கதையைச் சொல்கிறேன். அதற்குப் பெயர் கிம்பல் டிரைபாடு. நீண்ட லென்ஸை வைத்துப் பறவைகளைப் படமெடுக்க உதவுவது. இந்தக் கதையில் நம்ம திண்டிவனத்துப் பக்கத்து ஏரிகளுக்கும் பங்கு உண்டு.

முதலில் ஊர்க்கதை. நம்ம ஊரிலிருந்து சென்னை போகும் வழியில், மதுராந்தகம் தாண்டிப் படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட, ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஊராரின் கோரிக்கையை ஏற்றார். பறவையிடம் மனிதன் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்கிற கேள்வி நம் வட்டாரத்துக்கு அவ்வளவு பழசு.

துப்பாக்கிக்குப் பதிலாகக் காமிரா வந்தபோது, அதுவும் துப்பாக்கி உருவத்தில்தான் வந்தது! 1882-ல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, வினாடிக்கு 12 படம் எடுக்கும் 'படத் துப்பாக்கி' ஒன்றைச் செய்து, பறக்கும் பறவைகளைக் குறி பார்த்தார். பத்தே வருஷத்தில், 1892-ல், இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் முட்டைகளோடு இருந்த ஒரு கூட்டைப் படம் பிடித்தார்கள். அன்றைய லென்ஸ்களுக்கு எட்டாது. பக்கத்தில் போயே ஆக வேண்டும். அதனால் பொய் மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டும் படமெடுத்தார்கள். கூட்டருகே மறைவிடம் கட்டி உட்காருவது பிறகு வெகுகாலம் வழக்கமாக இருந்தது. தாய்ப்பறவை மிரண்டு கூட்டைக் கைவிட்டுப் போகும் ஆபத்தும் கூடவே இருந்தது.

நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912-1996) இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் சாகும்வரை 46 வருஷம் இயற்கையைப் பற்றி எழுதியவர். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய காமிரா ஒரு தனிப்பிறவி. உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்றதெல்லாம் அவர் கைவேலை. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு! படித்தது என்னவோ தாவரவியலும் சட்டமும். இன்ஜினியர்களான நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

தூர நின்று எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும். ஆனால் நீளம் கூடினால் நடுக்கமும் கூடும். கணக்கு எளிது. கை 0.1 டிகிரி ஆடினால், 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.09 மி.மீ. நகரும், 600 மி.மீ. லென்ஸில் 1 மி.மீ.க்கு மேல் நகரும். பன்னிரண்டு மடங்கு! சரி, டிரைபாடில் வைக்கலாம் என்றால், சாதாரணத் தலையில் கனமான லென்ஸ் அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். திருகைத் தளர்த்தினால் 'தொபுக்'கென்று சாயும். இறுக்கினால், பறக்கிற பறவையைத் தொடர முடியாது.

இதற்கான விடை கப்பலில் இருந்தது. கடல் எப்படி ஆடினாலும் திசைகாட்டி மட்டமாக நிற்க, அதை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் தொங்கவிட்டார்கள். அதுதான் கிம்பல். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு கிரேக்கரான ஃபிலோவின் நூலில், எப்படிப் புரட்டினாலும் மை சிந்தாத மைக்கூடு ஒன்று இந்த முறையில் சொல்லப்படுகிறது. பின்னாளில் இத்தாலியின் கார்டானோ (1501-1576) பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. லாரியில் 'கார்டன் ஷாஃப்ட்' என்கிறோமே, அந்தப் பெயரும் அவருடையதே.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டேவிட் விம்பர்லி இந்தத் தத்துவத்தை டிரைபாடு தலைக்குக் கொண்டுவந்தார். லென்ஸை அச்சுக்கு மேலே வைக்காமல், அதன் புவியீர்ப்பு மையம் அச்சிலேயே வரும்படி அமைத்தார். பொருத்தும்போது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்ய வேண்டும். மூக்கு கவிழ்ந்தால் பின்னால் இழு, வாய் பிளந்தால் முன்னால் தள்ளு. சமன் ஆகிவிட்டால் 5 கிலோ லென்ஸும் ஒரு விரலுக்கு அசையும், விட்ட இடத்தில் நிற்கும். முதலாண்டு மெக்கானிக்ஸில் நாம் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த பாடம்தான், வேறொன்றுமில்லை.

இன்று காலம் மாறிவிட்டது. 1999-ல் 5.36 கிலோ இருந்த கேனன் 600 மி.மீ. லென்ஸ், 2018-ல் 3.05 கிலோ ஆனது. நடுக்கத்தை லென்ஸே பெருமளவு சமாளிக்கிறது. பலர் டிரைபாடே வேண்டாம் என்று கையில் தூக்கிவிட்டார்கள். வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டிரைபாடு ஒரு நல்ல காரியம் செய்தது: ஆளை ஓரிடத்தில் நிற்க வைத்தது. கை காலியானதும் கால் முன்னே போகிறது. இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று போய், கூட்டமே எழுந்து பறந்துவிடுகிறது.

இதை இப்போது சொல்லக் காரணம் மரக்காணம் பக்கத்துக் கழுவெளி. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் வெகுதூரத்திலிருந்து வருகிற பறவைகளுக்கு அங்கே இரைதான் வேலை. திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். நாம் ஒருமுறை மிரட்டி எழுப்பினால், சேர்த்ததில் கொஞ்சம் வீண்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கழுவெளிக்குப் போங்க. விலை உயர்ந்த லென்ஸ் இல்லாவிட்டால் பைனாகுலர் போதும். பறவை இரையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், அதுதான் எல்லை. அதற்கு மேல் ஓரடி வேண்டாம். அங்கேயே காலை ஊன்றிக் காத்திருங்க. படம் நல்லா வந்தா, அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாங்க, எல்லோரும் பார்ப்போம்.