மருந்து விலையும் காப்புரிமைச் சட்டங்களும்

காப்புரிமை உள்ள ஒரு மருந்தை உரிமையாளரைத் தவிர வேறு யாரும் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை செய்யவோ விற்கவோ முடியாது. போட்டி இல்லாத அந்தக் காலத்தில் அவர் வைத்ததே விலை. ஆராய்ச்சிக்குப் போட்ட பணத்தை மீட்க இந்த ஏற்பாடு தேவை என்பது நிறுவனங்களின் வாதம். ஆனால் எதற்குக் காப்புரிமை தருவது, எத்தனை ஆண்டுகளுக்குத் தருவது, உரிமையாளர் மறுத்தாலும் பிறருக்கு உரிமம் வழங்க அரசுக்கு எப்போது அதிகாரம் உண்டு என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் சட்டம் இயற்றுபவர்கள். ஏழை நாடுகளுக்கு மலிவு விலையில் மருந்து கிடைத்ததும், கிடைக்காமல் போனதும் பெரும்பாலும் அவர்கள் எழுதிய பிரிவுகளால்தான்.

இந்தியாவில் முதல் காப்புரிமைச் சட்டம் 1856-இல் வந்தது. ஆங்கிலேயர் 1911-இல் இயற்றிய சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் கால் நூற்றாண்டு நீடித்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே காப்புரிமையைப் பதிவு செய்துவிட்டு, மருந்தைத் தம் நாட்டில் தயாரித்து இறக்குமதி செய்து விற்றன. இங்குள்ளவர்கள் அதே மருந்தைச் செய்யத் தொடங்கினால் வழக்குப் போட்டன. அமெரிக்க செனட்டில் எஸ்டெஸ் கீஃபாவர் தலைமையிலான குழு 1959 முதல் மருந்து விலைகளை விசாரித்தது. உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அக்குழு கண்டது. தனிநபர் வருமானத்தில் உலகின் அடிமட்டத்தில் இருந்த நாட்டுக்கு இந்த நிலை.

சட்டத்தை மாற்ற 1948-லேயே நீதிபதி பக்ஷி டேக் சந்த் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதைவிட ஆழமாகப் போனது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால அய்யங்காரின் 1959 அறிக்கை. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவரிடம் இருந்தன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தியாவில் பயன்படுத்தப்படவே இல்லை என்று அவர் காட்டினார். மருந்துக்கும் உணவுக்கும் பொருள் என்ற அளவில் காப்புரிமை கூடாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தால் போதும் என்று பரிந்துரைத்தார். இதற்கு அவர் முன்மாதிரி தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஜெர்மனியின் 1877-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் இருந்தது. அதன் நிழலில்தான் அந்நாட்டின் ரசாயனத் தொழில் வளர்ந்தது. பொருளுக்கான காப்புரிமையை ஜெர்மனி 1968-இலும், ஜப்பான் 1976-இலும், சுவிட்சர்லாந்து 1977-இலும்தான் ஏற்றன. தம் தொழில் காலூன்றும்வரை தாங்கள் எடுத்துக்கொண்ட சலுகையைப் பின்னால் வருபவர்களுக்கு இந்நாடுகள் மறுத்தது நியாயமே இல்லை.

அறிக்கையிலிருந்து சட்டம் வரப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 1965-இல் கொண்டுவந்த மசோதா மக்களவையின் ஆயுள் முடிந்ததால் காலாவதியானது. 1967-இல் மீண்டும் வந்த மசோதாவே 1970-இல் சட்டமாகி, 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டும். அதுவும் விண்ணப்பத்திலிருந்து ஏழு ஆண்டுகள் அல்லது வழங்கியதிலிருந்து ஐந்து ஆண்டுகள், எது குறைவோ அதுவரை. ஒரு மருந்தை வேறு ரசாயன வழியில் செய்யத் தெரிந்தவர் எவரும் இனித் தடையின்றிச் செய்யலாம். அந்த வேறு வழிகளைக் கண்டுபிடிப்பதே இந்திய மருந்துத் துறையின் பயிற்சிக்கூடமானது. பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், ஹைதராபாத்திலும் ரிஷிகேஷிலும் ஐ.டி.பி.எல். எனப் பொதுத்துறை ஆலைகள் ஏற்கெனவே ஆட்களைத் தயார் செய்திருந்தன. 1935-இல் தொடங்கிய சிப்ளா போன்ற தனியார் நிறுவனங்களும் வேகமெடுத்தன. 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவையில் பேசிய பிரதமர் இந்திரா காந்தி, வாழ்வையும் சாவையும் வைத்து லாபம் பார்ப்பது கூடாது என்று உலக நாடுகளிடம் நேரடியாகவே சொன்னார்.

இந்தியச் சட்டம் உருவான ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவும் இதே திசையில் ஒரு முயற்சி செய்தது. காப்புரிமை உள்ள மருந்தை இறக்குமதி செய்து விற்க, சிறிய உரிமத் தொகை பெற்றுக்கொண்டு பிறருக்குக் கட்டாய உரிமம் தரலாம் என்று 1969-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கனடாவில் ஜெனரிக் மருந்துத் தொழில் வளர்ந்தது இதனால்தான். அமெரிக்காவுடனான வர்த்தகப் பேச்சுகளின் நெருக்கடியில் 1987-இல் அது சுருக்கப்பட்டு, 1993-இல் ஒரேயடியாக நீக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு உலகம் முழுவதற்கும் அதே கதவு மூடப்பட்டது. 1994 ஏப்ரலில் மராகேஷில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பின் பகுதியான ட்ரிப்ஸ் ஒப்பந்தம், மருந்து உட்பட எல்லாத் துறைகளிலும் 20 ஆண்டுக் காப்புரிமையைக் கட்டாயமாக்கியது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத இந்தியா போன்ற நாடுகளுக்கு 2005 ஜனவரி 1 வரை அவகாசம்.

அந்த அவகாசத்தின் நடுவில்தான் எய்ட்ஸ் மருந்துகள் வந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில். பத்தாண்டு கழித்து, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று தெரிந்தபோது ஒருவருக்கு ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில். மருந்து பணக்கார நாடுகளில். விலை குறைந்த மருந்தை இறக்குமதி செய்ய வழி தேடித் தென்னாப்பிரிக்கா 1997-இல் சட்டம் இயற்றியதும் 39 மருந்து நிறுவனங்கள் நெல்சன் மண்டேலா அரசின் மீது வழக்குத் தொடுத்தன. நோயாளிகள் தெருவில் இறங்கினார்கள். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரியில், சிப்ளாவின் யூசுஃப் ஹமீது ஓர் அறிவிப்புச் செய்திருந்தார்: எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு நோயாளியின் ஓராண்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மேலை நாடுகளில் இந்த மூன்றின் உரிமையும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்ததால், அவற்றை ஒரே மாத்திரையாக அங்கே யாரும் செய்யவில்லை. 1970 சட்டம் இருந்த இந்தியாவில் செய்ய முடிந்தது. குளிர்சாதனப் பெட்டியும் கடிகாரமும் இல்லாத வீடுகளில் ஒரு கைப்பிடி மாத்திரைகளுக்குப் பதில் ஒன்றை விழுங்குவது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது மருந்து கொடுத்தவர்களுக்குத் தெரியும். பின்வந்த ஆண்டுகளில், நன்கொடை நிதியில் ஏழை நாடுகளுக்கு வாங்கிய எச்.ஐ.வி. மருந்துகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தியத் தயாரிப்பே. இந்திய அரசும் 2004 ஏப்ரல் 1 முதல் இம்மருந்துகளை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

எய்ட்ஸ் மருந்து விலை எழுப்பிய இந்த அழுத்தத்தில் 2001 நவம்பர் 14 அன்று தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள், பொது சுகாதாரத்தைக் காக்க அரசுகள் எடுக்கும் நடவடிக்கைக்கு ட்ரிப்ஸ் தடையாக இருக்கலாகாது என்று அறிவித்தார்கள். ஒரு சிக்கல் மிஞ்சியது. கட்டாய உரிமத்தில் செய்யும் மருந்து பெரும்பாலும் உள்நாட்டுக்கே என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தது. மருந்து ஆலையே இல்லாத ருவாண்டா யாரிடம் போய்ச் செய்யச் சொல்லும்? 2003 ஆகஸ்ட் 30 அன்று ஏற்றுமதிக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. அதைத் தன் சட்டத்தில் முதலில் எழுதிக்கொண்ட நாடுகளில் கனடாவும் ஒன்று. 2004-இல் அனைத்துக் கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது.

நல்ல எண்ணத்தில் எழுதியும் நடைமுறையில் முடங்கிய சட்டத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எந்த மருந்துகளுக்கு உரிமம் கேட்கலாம் என்று சட்டத்தோடு ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாததைச் சேர்க்கத் தனி நடைமுறை. முதலில் உரிமையாளரிடம் தன்னார்வ உரிமம் கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி உரிமம்; அதன் ஆயுள் இரண்டே ஆண்டு. கனடாவின் அபோடெக்ஸ் நிறுவனம் ருவாண்டாவுக்கு ஒரு எச்.ஐ.வி. கூட்டு மாத்திரையை அனுப்பி வைத்தபோது 2008 செப்டம்பர் ஆகிவிட்டது. இந்தச் சட்டத்தின் கீழ் வேறு எந்த நாட்டுக்கும் மருந்து போகவில்லை. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸால் பிள்ளைகளைப் பறிகொடுத்துப் பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டிகளுக்கு ஆதரவாகத் திரண்ட கனடாவின் பாட்டிகள், சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். நேரில் போய்ப் பார்த்தார்கள். ஒரே உரிமத்தில் எல்லா நாடுகளுக்கும் அனுப்ப வழிசெய்யும் மசோதா 2011 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது. மேலவையில் கிடப்பில் இருந்தபோது தேர்தல் வந்தது, மசோதா செத்தது. மறுபடி கொண்டுவந்த மசோதா 2012 நவம்பரில் 141-க்கு 148 என்று ஏழு வாக்குகளில் தோற்றது.

இந்திய நாடாளுமன்றத்தின் முறை 2005-இல் வந்தது. கெடு நெருங்கியதால் அரசு 2004 டிசம்பர் 26 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்திருந்தது. அது அப்படியே நிலைத்தால் ஏழை நாடுகளின் மருந்துக்கடை மூடப்படும் என்று அஞ்சிய நோயாளி அமைப்புகளும் மருத்துவர்களும் பல நாடுகளிலிருந்து இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார்கள். இந்தியத் தூதரகங்கள் முன் கூடினார்கள். ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்த இடதுசாரிக் கட்சிகள் திருத்தம் இல்லாமல் வாக்களிக்க மறுத்தன. மக்களவை மார்ச் 22 அன்று நிறைவேற்றிய சட்டத்தில் அதனால் இரண்டு பாதுகாப்புகள் உறுதிப்பட்டன. காப்புரிமை வழங்கும் முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம் என்பது ஒன்று. மற்றது 3(டி) பிரிவு: ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் செயல்திறனைக் குறிப்பிடும்படி உயர்த்தினால் அன்றி, கண்டுபிடிப்பு ஆகாது. காப்புரிமை முடியும் நேரத்தில் மருந்தின் உப்பையோ படிகத்தையோ மாற்றி இன்னும் 20 ஆண்டு வாங்கும் வழக்கத்தைத் தடுக்கவே இந்தப் பிரிவு.

இரண்டுமே சென்னையில்தான் சோதிக்கப்பட்டன. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்ற மருந்தை நோவார்ட்டிஸ் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றது. மூல மருந்தின் காப்புரிமை 1995-க்கு முந்தியது என்பதால் இந்தியாவில் செல்லாது. ஆகவே அதன் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. மாதத்துக்குக் கிளிவெக்கின் விலை சுமார் ரூ. 1,20,000; இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஜெனரிக் நிறுவனங்களும் எதிர்ப்பு மனு கொடுத்தன. 2006 ஜனவரியில் அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கும் ட்ரிப்ஸுக்கும் முரண் என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று அதைத் தள்ளுபடி செய்தது. ட்ரிப்ஸ் தகராற்றைத் தீர்க்கும் இடம் இது அல்ல, குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எளிதில் கிடைக்கச் செய்வது நாடாளுமன்றத்தின் நோக்கங்களில் ஒன்று என்றது.

காப்புரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. புதிய படிகம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்பது நிறுவனத்தின் முக்கிய ஆதாரம். நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் 2013 ஏப்ரல் 1 அன்று அதை ஏற்கவில்லை. மருந்தின் செயல்திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன். கூடுதலாக உறிஞ்சப்படுவதால் நோயாளி கூடுதலாகக் குணமடைகிறார் என்று காட்டப்படவில்லை என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு அய்யங்கார் அறிக்கையை விரிவாகவே எடுத்துப் பேசியது. பிலிப்பைன்ஸ் 2008-இல் இயற்றிய மலிவு மருந்துச் சட்டம் 3(டி) போன்ற ஒரு பிரிவைத் தனக்கும் எழுதிக்கொண்டிருந்தது.

கட்டாய உரிமத்தை மட்டும் இந்தியா இதுவரை ஒரே முறைதான் பயன்படுத்தியிருக்கிறது. பேயர் நிறுவனம் மாதம் ரூ. 2,80,428-க்கு விற்ற சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை ரூ. 8,880-க்குத் தர 2012 மார்ச்சில் நாட்கோ என்ற இந்திய நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. பிரபா ஸ்ரீதேவன் தலைமை வகித்த, சென்னையிலிருந்து இயங்கிய மேல்முறையீட்டு வாரியம் அடுத்த ஆண்டு அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் எட்டாத விலையில் வந்தும் இன்னொரு உரிமம் இல்லை. சட்டத்தில் இருக்கும் அதிகாரத்தை இப்படித் தூங்கவிடுவது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி.

எதிர்ப்பு மனு உரிமை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பம் 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். மறு ஆண்டே, 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் இம்மனுக்களுக்குக் கட்டணம் வைத்தது. மனு ஏற்கத்தக்கதா என்று அலுவலகம் முதலிலேயே முடிவு செய்யவும் வகை செய்தது. பணக்கார நாடுகளுடனான வர்த்தகப் பேச்சுகளில் மருந்து ஆய்வுத் தரவுகளுக்குத் தனியுரிமை கேட்கும் கோரிக்கையும் திரும்பத் திரும்ப வருகிறது.

மிகவும் பின்தங்கிய நாடுகள் மருந்துக் காப்புரிமை தராமலே இருக்க 2033 ஜனவரி 1 வரை உரிமை உண்டு. அந்த நாடுகளின் சட்டமன்றங்கள் இந்த விலக்கைத் தம் சட்டத்தில் உடனே எழுதிக்கொள்ள வேண்டும். கனடாவும் பிற மருந்து செய்யும் நாடுகளும் ஏற்றுமதி உரிமத்தை ஒற்றை விண்ணப்பமாக எளிமையாக்க வேண்டும். இந்திய நாடாளுமன்றம் 3(டி) பிரிவையும், எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கும் உரிமையையும் எந்த வர்த்தகப் பேரத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.