கொடை விழாக் கூட்டம் எதைக் குடித்தது?

பங்குனி உத்திரத்துக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்து மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் போன்ற சாஸ்தா கோயில்களில் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். சித்திரையில் ஊர்க் கொடை நடக்கிறது. மே மாதம் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் ஜோதி ஏந்தி ஓடி வருகிறார்கள். எல்லாம் வெட்டவெளியில், கொளுத்தும் வெயிலில் நடக்கிற கூட்டங்கள். சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கும் சொந்தபந்தமும் வந்துவிடுகிறது. வந்தவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்பது சின்னக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. முதலில் மண்ணும் பருவமும் அதற்கு விடை சொல்லின. பிறகு அரசின் வரிக்கணக்கு சொன்னது. கோயில் தோப்புக்குப் பின்னால் இன்று பாட்டில் திறக்கப்படுகிறது என்றால், அது மக்களின் நாக்கு மாறியதால் மட்டும் வந்ததல்ல. வருவாயை முன்வைத்து எடுக்கப்பட்ட முடிவுகள் அதற்கு வழி செய்து கொடுத்தன என்பதே என் வாதம்.

ஓட்டப்பிடாரம் கரிசல் சீமை. பருத்தியும் கம்பும் சோளமும் விளைகிற, மழையை நம்பிய மானாவாரி நிலம். கரிசல் காட்டில் வேலை செய்தவர்களுக்குத் தாகம் தீர்த்தவை கம்பங்கூழும் நீச்சத்தண்ணியும் மோரும்தான். பனை செழித்தது கரிசலின் ஓரங்களில்: கிழக்கே வேம்பார்க் கடற்கரை மணலில், தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரியில். பாளை சீவும் காலம் ஏறத்தாழ மாசியில் தொடங்கி ஆடி வரை போகும். கரிசலில் அறுவடை முடிந்து, நிலம் வெடித்துக் கிடந்து, கைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களும் அவைதான். கொடைகள் அந்த மாதங்களில் குவிவதற்கும் அந்த ஓய்வே காரணம். கூட்டம் கூடும் பருவமும் பனை சுரக்கும் பருவமும் ஒன்றாக இருந்தபோது, விழாவுக்கு எந்தப் பானம் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பனை தருவது ஒரு பானத்தையல்ல, இரண்டை. பனையேறி காலையிலும் மாலையிலும் மரமேறி, கடிப்பு என்னும் கருவியால் நெரித்துப் பதப்படுத்திய பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் சொட்டுகிற சாறு புளிக்காது. விடிந்ததும் பதநீராக இறங்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கி, சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். பதநீர் காலையிலேயே பனையோலைப் பட்டையில் ஊற்றப்படும். அதில் நுங்கையோ மாங்காய்த் துண்டையோ போட்டுக் குடிப்பது தெற்கத்திப் பழக்கம். மிஞ்சியது காய்ச்சப்பட்டு, சிரட்டையில் ஊற்றப்பட்டுக் கருப்பட்டியாகும். மரம் ஒன்று, உழைப்பும் ஒன்று. வேறுபாடு ஒரு கைச் சுண்ணாம்பில் இருந்தது.

விருந்துக்குப் பானம் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்தப் பாண்டிய நாட்டுக்குப் புதிதல்ல. யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவை மகளிர் பொற்கலத்தில் ஊட்ட அருந்தி மகிழ்ந்திருக்கும்படி நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டில் இருக்கிறது. தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த கொற்கை அன்று பாண்டியரின் துறைமுகம். கடல் கடந்த மது அரண்மனைக்கு வந்தது; நெல்லிலும் பனையிலும் பிறந்த பானங்களும் அன்று புழங்கின. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவரும் இதே மரபைச் சேர்ந்தவர்தான். ஆகவே குடிப்பது மட்டுமே மரபு, மறுப்பது வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

பெரிய மாற்றம் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள் இறக்குவதை உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்தியது. மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரும் வருவாய் கலால்தான். ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் மதுக்கடைகள் திறந்தன, 1974-க்குள் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன. 1983-ல் மது மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆலையில் செய்த மது மட்டும் தப்பியது. 2003-ல் அதன் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. மரத்தில் இறங்கிய, போதை குறைந்த பானம் குற்றமாகிவிட, பருவமும் ஊரும் அறியாத பாட்டில் சட்டப்படி சரியானதாயிற்று.

அப்படியானால் கள்ளைத் திறந்துவிட்டால் போதாதா, கேரளத்தில் கள்ளுக்கடை நடக்கவில்லையா என்று கேட்பார்கள். கள்ளுக்குத் தடை, ஆலை மதுவுக்கு அனுமதி என்பது நியாயமற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கள்ளும் குடும்பங்களைக் கெடுத்தது. மதுவிலக்குக்காகப் போராடியவர்கள் கற்பனைப் பேயோடு போராடவில்லை. மேலும் குலதெய்வக் கூட்டம் என்பது பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே நிழலில் உட்காரும் கூட்டம். அவர்கள் எல்லாரும் ஒரே பட்டையில் பங்கிட்டுக்கொள்ளக்கூடியது பதநீர்தான். கள் அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: பதநீர் எங்கே கிடைக்கிறது? சாலையோரத்தில் விற்பதில் சாக்கரின் கலந்ததும் உண்டு. மரமேறவும் ஆள் இல்லை. உண்மைதான். 1849-லேயே இடையன்குடிப் பாதிரியார் கால்டுவெல் தம் நூலில் பனையேறிகளின் கடும் உழைப்பைப் பதிவு செய்தார். அந்த உழைப்புக்குக் கிடைத்தது சொற்பக் காசும் சாதி இழிவும். விழுந்தால் முதுகெலும்பு போய்விடும் தொழிலில் தன் மகனை இறக்க எந்தத் தகப்பனும் விரும்ப மாட்டார். பனையை மாநில மரம் என்று போற்றுவதால் மட்டும் இந்த நிலை மாறாது. பதநீருக்கு உரிய விலை கிடைத்தால்தான் மாறும். பாட்டிலுக்குப் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள் பதநீருக்கு மட்டும் பேரம் பேசுவது முறையல்ல.

ஆகவே அடுத்த பங்குனி உத்திரத்துக்கோ கொடைக்கோ பந்தலுக்குச் சொல்லும்போதே, வேம்பார்ப் பக்கமோ தேரிப் பக்கமோ தெரிந்த பனையேறியிடம் முன்பணம் கொடுத்துப் பதநீருக்கும் சொல்லிவையுங்கள். வெயில் ஏறுவதற்குள் வாங்கி, அன்றைக்கே குடித்துவிடுங்கள். பனை ஓய்ந்திருக்கும் மாதங்களில் கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்ட பானகம் இருக்கிறது; கூடவே நீர்மோர். வரிக்கணக்கு மாற்றிவைத்த வழக்கத்தை மாற்ற அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விழா நடத்தும் குடும்பங்கள் முடிவெடுத்தாலே போதும்.