கொரோனர்

திடீரென்றோ சந்தேகத்துக்கிடமாகவோ ஒருவர் இறந்துபோனால், காரணத்தை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரி. கிரீடத்தைக் குறிக்கும் 'கொரோனா' என்ற லத்தீன் சொல்லே வேர். நம்மை வீட்டுக்குள் முடக்கிய வைரஸுக்குப் பெயர் தந்ததும் அதுதான்.

1194இல், இங்கிலாந்தில் முதலாம் ரிச்சர்ட் ஆட்சியில், அரசமுடிக்குரிய வழக்குகளைக் காப்பவராக இவர் நியமிக்கப்பட்டார். இறந்தவர்மேல் இருந்த அக்கறையைவிட கஜானாமேல் இருந்த அக்கறையே அதிகம். கொலையுண்டவர் ஆளும் வர்க்கமான நார்மானியர் அல்லர் என்று நிரூபிக்க முடியாத ஊருக்கு அபராதம். ஆளைக் கொன்ற வண்டியோ மாடோ, அல்லது அதன் மதிப்போ, அரசருக்கு! இந்தப் பறிமுதல் 1846இல்தான் ஒழிந்தது. புதையல் கிடைத்தால் விசாரிக்கும் வேலை அங்கே இன்றும் இவருடையதே.

அமெரிக்காவில் பல கவுண்டிகளில் தேர்தலில் ஜெயித்தவரே கொரோனர். மருத்துவப் படிப்பு எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. வேடிக்கையான ஏற்பாடுதான். 1877இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் இந்தப் பதவியை நீக்கி, மருத்துவர்களையே நியமித்தது. அவர்கள் 'மருத்துவப் பரிசோதகர்கள்'. நியூயார்க் நகரம் 1918இல் அதே வழிக்கு வந்தது. ஆகவே இந்த இரு பதவிகளையும் ஒன்றாக எழுதுவது பிழை.

இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் கொரோனர், 'திடீர் மரண விசாரணை அதிகாரி'. நீளம்தான், ஆனால் துல்லியம். மும்பையில் கொரோனர் பதவி 1999இல் ஒழிக்கப்பட்டது.