துறை வருகை (உயர்கல்வி மதிப்பீடு)

பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கு அதே பாடத்தைச் சேர்ந்த வெளி அறிஞர்கள் சிலர் நேரில் சென்று, ஓரிரு நாள் அங்குள்ளவர்களுடன் பேசி, கண்டதை அறிக்கையாக எழுதித் தரும் மதிப்பீட்டு முறை துறை வருகை. தரச்சான்று அமைப்புகளின் நேரடி ஆய்வும் இதில் அடங்கும். மதிப்பெண்ணோ தரவரிசையோ இல்லாமல், துறையே விரும்பி அழைத்தால் மட்டும் நடக்கும் வருகைகளும் உண்டு. இவ்வகையில் நீண்ட அனுபவம் உடையது அமெரிக்க இயற்பியல் கழகத்தின் திட்டம்.

தோற்றம்

இயற்பியலில் பெண்களின் நிலையை ஆராய அக்கழகம் 1972-இல் ஒரு குழுவை அமைத்தது. 1990-களின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் பெண். இடையில் படிப்பை விட்டுச் செல்பவர்கள் ஏன் செல்கிறார்கள் என்பதைப் புள்ளிவிவரத்தால் மட்டும் அறிய முடியவில்லை. 1990-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் துறை வருகைகள் தொடங்கின. மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ், ஜூடி ஃபிரான்ஸ், பன்னி கிளார்க் ஆகிய மூன்று பெண் இயற்பியலாளர்கள் இதை முன்னின்று நடத்தினர். கார்பன் பற்றிய ஆய்வுகளுக்காக உலகப் புகழ் பெற்ற டிரெசல்ஹாஸ், 1984-இல் அக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அவர் தலைமையில் ஒரு குழு வருகிறது என்றால் மூத்த பேராசிரியர்களும் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து பேசினார்கள். முதல் வருகைகளில் கிடைத்த அனுபவத்தை மூவரும் 1994-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர்.

நடைமுறை

அழைப்பு துறைத்தலைவரிடமிருந்து வர வேண்டும். வருவதற்கு முன்பே மாணவர்களிடம் பெயர் குறிப்பிடாத கருத்துக் கணிப்பு நடத்தப்படும். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், யார் எப்போது விலகினார்கள் என்ற விவரங்களைத் துறை அனுப்பி வைக்கும். குழு வந்ததும் முதலில் தலைவரைச் சந்திக்கும். பிறகு ஆசிரியர்களை, இளங்கலை மாணவியரை, முனைவர் பட்ட ஆய்வாளர்களை, அலுவலகப் பணியாளர்களைத் தனித்தனியாகச் சந்திக்கும். புல முதல்வருடனும் பேசும்.

வருகையின் உயிர் இந்தத் தனிச் சந்திப்புகளில்தான் இருக்கிறது. வழிகாட்டியின் கையெழுத்தை நம்பி வாழும் ஆய்வு மாணவி, அதே துறையில் யாரிடமும் மனம் திறந்து குறை சொல்வது அரிது. மறுநாள் ஊர் திரும்பிவிடும் அந்நியரிடம், அதுவும் தன் பாடத்தின் நெளிவுசுளிவு தெரிந்தவரிடம், அவர் சொல்லிவிடுவார். பல பேர் சொன்னது ஒரே திசையைக் காட்டினால்தான் குழு அதை எழுதும். சொன்னவர் யார் என்று தெரியும்படி எழுதாது. புறப்படும் முன் தலைவரிடம் முக்கியமானவற்றை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, சில வாரங்களில் எழுத்து வடிவ அறிக்கையை அவருக்கு அனுப்பும். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்கும்.

கண்டறிந்தவை

பெரிய பாகுபாட்டைத் தேடிப் போன குழுக்கள், சின்னச் சின்னப் புறக்கணிப்புகளே பெருகிக் கிடப்பதைக் கண்டன. தகுதித் தேர்வின் விதிகள் எங்கும் எழுதி வைக்கப்படாததால் மூத்த மாணவர்களோடு பழக்கம் இல்லாதவர்கள் பின்தங்கினர். மகப்பேறு விடுப்பு பற்றி ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆய்வகக் கட்டடத்தில் இரவில் தனியாக வேலை செய்ய அச்சம் இருந்தது. ஒரே ஒரு பெண் ஆசிரியர் உள்ள துறையில் எல்லாக் குழுக்களிலும் அவரையே போட்டு, ஆய்வுக்கு நேரமில்லாமல் செய்தனர். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யப் பணம்கூடத் தேவையில்லை. மாணவர் கையேடு ஒன்றும் தெளிவான விதிகளும் போதும். பெண்களுக்கென்று செய்த திருத்தங்களால் ஆண் மாணவர்களும் பயன் அடைந்தனர். தலைவர் அக்கறை எடுத்த துறைகளில் மாற்றம் விரைவாக வந்தது. அவர் அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிய இடங்களில் எதுவும் நடக்கவில்லை. இந்த முறையின் பெரிய பலவீனமும் இதுவே.

இந்தியாவில் துறைகள் அறிந்த வருகை இந்த அமெரிக்க முறையிலிருந்து வேறுபட்டது. தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவான நாக், பொறியியல் முதலிய படிப்புகளை மதிப்பிடும் என்.பி.ஏ. ஆகிய இரண்டும் 1994-இல் உருவானவை. நாக் கல்வி நிறுவனம் முழுவதையும் மதிப்பிடுகிறது; என்.பி.ஏ. படிப்பு வாரியாகப் பார்ப்பதால் துறைக்கு நெருக்கமானது. ஆனால் முடிவில் தகுதியோ தரமோ நிர்ணயிக்கப்படுவதால், குறைகளை மறைத்துக் கோப்புகளை அடுக்கி வைக்கவே துறை முனைகிறது. தானே விரும்பி அழைத்த குழுவிடம் குறையைக் காட்டுவதில்தான் துறைக்கு லாபம். இந்த இரு வகை வருகைகளும் ஒரே வேலையைச் செய்ய முடியாது.

பிற துறைகளிலும் நாடுகளிலும்

அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் பெண்களின் நிலையை ஆராயும் குழுவும் இயற்பியலாளர்களைப் பின்பற்றி வருகைகளைத் தொடங்கியது. அதன் குழு 2013-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்துத் தத்துவத் துறைக்குச் சென்றது. அந்த அறிக்கையைப் பல்கலைக்கழகமே 2014 ஜனவரி இறுதியில் பொதுவில் வெளியிட்டது. ஆய்வு மாணவர் சேர்க்கையை நிறுத்தியது. வேறு துறைப் பேராசிரியர் ஒருவரைத் தலைவராக்கியது. தவறு செய்யாத ஆசிரியர்கள் மீதும் பழி விழுந்தது என்ற எதிர்ப்பு கிளம்பியது. துறை திருந்துவதற்காக எழுதப்பட்ட அறிக்கையை நிர்வாகம் தண்டனைக்கான ஆவணமாக்கினால், அடுத்த துறை குழுவை அழைக்கத் தயங்கும் என்ற கவலை நியாயமானது. அதே வேளை, அறிக்கையை முழுவதும் மூடி வைத்தால் துணிந்து பேசிய மாணவிகளுக்கு என்ன பதில் என்ற கேள்வியும் நியாயமானதே.

பிரிட்டனில் இயற்பியல் நிறுவனம் இதே முறையில் துறைகளுக்குச் சென்று, பல துறைகளிலும் பொதுவாகத் தெரிந்தவற்றை 2006-இல் அறிக்கையாக வெளியிட்டது. தனித் துறை எதையும் சுட்டாமல் படிப்பினைகளை மட்டும் பொதுவில் வைத்தது நல்ல தீர்வு. அவற்றிலிருந்து உருவானதே 2007-இல் தொடங்கிய ஜூனோ திட்டம். அதில் சேர்ந்த துறை சில கொள்கைகளை ஏற்று, அவற்றை எப்படி நிறைவேற்றப் போகிறது என்று எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது. செய்து முடித்ததற்குச் சான்று தந்தால்தான் உயர்ந்த நிலையான ‘சாம்பியன்’ தகுதி கிடைத்தது.